துடுப்பில் பன்னிரண்டு கதிர்கள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் நான் ரங்கூனில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கில் வேலை பார்த்த என் கணவர் ஒரு நாள் ஈரச் சாக்கில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தார்.

"வலையில மாட்டுச்சாம். ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்க. உனக்கு ஆகுமேன்னு கொண்டாந்தேன்."

கறுத்த உடம்பு முழுக்க எலும்புத் தகடு, அடிப்பக்கம் உறிஞ்சும் வாய். தென் அமெரிக்க நன்னீர்க் கெளுத்தி. கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வாங்கி, பெரிதானதும் யாரோ ஆற்றில் விட்டிருக்க வேண்டும். இதே மீன் எங்கள் ஆய்வகத்திலும் ஒரு ஜாடியில் மிதந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த பெயர் ஹைபோஸ்டோமஸ்.

அந்தப் பெயர் தவறு. இந்தக் கெளுத்திகளை நிபுணர்கள் மறுவகைப்படுத்தி எழுதிய கட்டுரையின் நகல் என்னிடம் இருந்தது. முதுகுத் துடுப்பைத் தாங்கும் நுனி பிளந்த இழைகளான கிளைக்கதிர்கள் ஏழு இருந்தால்தான் ஹைபோஸ்டோமஸ். ஒன்பதோ அதற்கு மேலோ இருந்தால் டெரிகோப்ளிக்திஸ் என்ற வேறு பேரினம். ஊசியால் பிரித்து எண்ணினேன். இரண்டு மீனிலும் பன்னிரண்டு. மாணவர்களையும் எண்ணவைத்தேன்.

அந்த ஆண்டுத் தேர்வில் பெயர்ச்சீட்டு இல்லாமல் அந்த மீனை வைத்தார்கள். டெரிகோப்ளிக்திஸ் என்று எழுதியவள் ஒருத்திதான்; தன்லியினிலிருந்து பஸ்ஸில் வந்த தமிழ்ப் பெண். துறைத் தலைவர் அவளுக்குச் சுழி போட்டார். ஆனர்ஸ் வகுப்பில் அவளுக்குக் கிடைக்கவிருந்த இடம் அதோடு போயிற்று.

"சயாஜீ, நீங்களே எண்ணிப் பாருங்கள்" என்று தலைவரிடம் பர்மியத்தில் கெஞ்சினேன். அங்கே மூத்த ஆசிரியர் சயாஜீ, ஆசிரியை சயாமா. நான் நீட்டிய பூதக்கண்ணாடியை அவர் தொடவே இல்லை.

"ஜாடியில் இருப்பதுதான் விடை, சயாமா. எவனோ வெளிநாட்டுக்காரன் பெயரை மாற்றினால் நாமும் மாற்ற வேண்டுமா?"

"பழைய பெயரும் வெளிநாட்டுக்காரன் வைத்ததுதானே?"

வெளியே போகச் சொன்னார்.

"ஒரு மீன் பேருக்கா இப்படிக் கொதிக்கிற?" என்றார் கணவர்.

"மீன் எந்தப் பேர்லயும் நீந்தும்ங்க. கண்ணால பாத்ததை எழுதினதுக்கா அந்தப் பொண்ணுக்குத் தண்டனை?"

அடுத்த ஆண்டு வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் வந்தார். ஜாடியைப் பார்த்து, பெயர் தவறு என்று ஒரே வரியில் சொன்னார். அன்று மாலைக்குள் சீட்டு மாறியது. ஆசிரியர் கூட்டத்தில், தாமே கண்டுபிடித்துத் திருத்தியதாகத் தலைவர் சொன்னார். எழுந்து நின்றேன்.

"அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் கொடுங்கள்."

"அது முடிந்துபோன தேர்வு" என்றார்.

அவள் அதற்குள் லைங் தாயாவில் ஒரு தையல் ஆலைக்குப் போயிருந்தாள். விடுமுறை நாளில் தேடிப்போய், ஜாடியில் சீட்டு மாறியதைச் சொன்னேன்.

"அப்ப நான் எழுதினது சரிதானே, சயாமா?"

"சரிதாம்மா."

"அதை அவரு சொல்லணும்."

மறுநாள் அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் ஓய்வுபெறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசிவரை அவர் சொல்லவில்லை.