செவ்வாய்க்குப் போக ரெடியாக இருந்தவர்

எனக்கு வயசு எழுபத்தாறு. பெற்றது ஐந்து. ஐந்தையும் வளர்த்துக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு, ஐந்து பேரும் மலையை விட்டு இறங்கிப் போயாச்சு. திருப்பூர், ஈரோடு, கோயமுத்தூர் என்று ஆளுக்கு ஒரு பக்கம். இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர் ஒருத்தர்தான். அவர் என் வீட்டுக்காரர்.

நான் மூணாங்கிளாஸோடு நின்றவள். எழுத்து பெரிசு பெரிசாகத்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு என்ன அவசரம். அடுத்தவர் கையால் எழுதினால் அது அவர்கள் கதையாகிவிடும்.

அவர் வெடிமருந்து பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வெடிமருந்துக்குப் பயப்படாத மனுஷனுக்கு மலைப்பாதை மட்டும் ஆகாது. குன்னூரில் பஸ் ஏறினால் இரண்டு வளைவு திரும்புவதற்குள் முகம் வெளுத்துவிடும். ஒரு கையில் எலுமிச்சம்பழம், ஒரு கையில் பிளாஸ்டிக் கவர். அதனால் பெண்களைக் கட்டிக் கொடுத்த ஊர்களுக்கு நான் மட்டும்தான் போய் வருவேன். சம்பந்தி வீட்டில் கேட்டால், "அவருக்கு லீவு கெடைக்கலைங்க" என்று சொல்லிச் சமாளிப்பேன். ரிட்டையர் ஆன பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் சரி என்று கேட்டுக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவர்தான் செவ்வாய் கிரகத்துக்குப் போகிறேன் என்று நின்றார்.

எல்லாம் செல்போனால் வந்தது. மூத்த மகளின் பெண் எங்களோடு தங்கி இங்கே காலேஜில் படிக்கிறாள். அவள்தான் அவருக்கு வீடியோ பார்க்கக் காட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து போனை மூக்கில் முட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு அதே வேலை.

"ஏம்புள்ள, செவ்வாயில தண்ணி இருக்குதாமா!"

எங்கள் பைப்பில் தண்ணி வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெளியே மழை ஊற்றுகிறது, உள்ளே குடம் காலி. குன்னூரில் இது புதுசில்லை.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா உடறாங்களாமா?" என்று கேட்டேன்.

"வெளையாடாத. மண்ணுக்கு அடியில ஐஸாக் கெடக்குது. முன்னால ஆறே ஓடியிருக்குது. தடம் அப்படியே இருக்குது."

"அந்த ஆறு எங்கீங்க போச்சு?"

"அங்க காத்து ரொம்பக் கம்மி புள்ள. தண்ணி மேல நிக்காது. ஒண்ணு உறைஞ்சு போகும், இல்லாட்டி ஆவியாப் போயிரும்."

"அப்ப ஐஸைத் தோண்டி, உருக்கி, காய்ச்சித்தான் குடிக்கோணும். வெறகுக்கு எங்க போறது?"

அடுத்த வீடியோவில் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

போவதற்கு ஏழெட்டு மாசம் ஆகுமாம். போன கையோடு திரும்பவும் முடியாது. பூமியும் செவ்வாயும் மறுபடி தோதான இடத்துக்கு வரும் வரைக்கும் அங்கேயே கிடக்க வேண்டுமாம். வழியில் தண்ணி தீர்ந்துவிடாமல் இருக்க வேர்வையையும் மூத்திரத்தையும் சுத்தம் பண்ணிக் குடிப்பார்களாம். "நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்குது" என்று எழுந்துவிட்டேன்.

அவர் விடவில்லை. "நம்மள மாதிரி வயசானவங்களைத்தான் அனுப்போணும். சின்னஞ்சிறுசுக போய்த் திரும்பி வராட்டி எத்தனை பாவம்? நான் வராட்டி யாருக்கு நட்டம்?"

"எனக்குத்தானுங்க. தண்ணி வந்தா டிரம்மு ரொப்பறது யாரு?"

மழை விட்டு, பனி இறங்குகிற மாசம் வந்தது. விளக்கு வைத்ததும் ஸ்வெட்டரும் மப்ளருமாக வாசலுக்கு வந்து நிற்பார். எதிர் மேட்டுக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, "அதா பாரு, அதுதான் செவ்வாய்" என்பார். மளிகைக்கடை பாய் கடை சாத்திவிட்டு அந்த வழியாகப் போனார். அவரையும் நிறுத்திக் காட்டினார். பாய் மரியாதை தெரிந்தவர். நின்று நிதானமாகப் பார்த்து, "ஆமாங்கண்ணா, நல்லாச் செவப்பாத்தான் தெரியுது" என்றார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. திரும்பினால் சிரித்துவிடுவார்.

அது தேயிலைத் தோட்டத்து மேட்டில் நிற்கிற செல்போன் டவரின் விளக்கு.

தெருவுக்கே தெரியும், யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இவர்தான் எங்கள் எல்லோரையும் வைத்து வேடிக்கை பண்ணுகிறார், பண்ணட்டும் என்று நினைத்தேன். "இன்னைக்குத் தண்ணி தெரியுதுங்களா?" என்று தினம் கேட்பேன். "உன்ற கண்ணுக்கெல்லாம் தெரியாது" என்பார்.

ஒரு நாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது கரண்ட் போனது. தெரு இருண்டது. டவர் விளக்கும் அணைந்தது.

"அடடா, மேகம் மறைச்சிருச்சு" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேகம் என்று ஒரு துண்டு இல்லை. விளக்கெல்லாம் போனதில் வானம் முழுக்கப் பொரியை இறைத்த மாதிரி நட்சத்திரம். அவர் அதற்கு நேராக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேகம் விலகட்டும் என்று நின்றார்.

"ஏனுங்க, வேற நட்சத்திரம் எதுனாத் தெரியுதுங்களா?" என்று கேட்டேன். அவர் மப்ளரைச் சரி பண்ணினார். "குளுருது, உள்ள போலாம்" என்றார்.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வலது கண்ணில் புரை நல்லா முத்திவிட்டது, இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, கோயமுத்தூர் போய் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள், இனியும் தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும், "இங்கயே முகாம் போடுவாங்க, அப்பப் பாத்துக்கலாம்" என்றார்.

"செவ்வாய்க்குப் போறவருக்கு மலை எறங்கி மேட்டுப்பாளையம் வரைக்கும் போக முடியாதுங்களா?"

"செவ்வாய்க்குப் போற வழியில வளைவு இல்ல புள்ள. நேர் ரோடு."

மலை ரயிலில் போகலாம் என்றாள் பேத்தி. டூரிஸ்ட் கூட்டத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை. மகன் கார் கொண்டுவருகிறேன் என்றான். காரிலும் அதே வளைவுதானே என்றார். கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அசையவில்லை. டம்ளரை நீட்டினால் கையைத் தடவித்தான் வாங்குகிறார், அப்போதும் அசையவில்லை.

சரி, இனி நம் வழியில் போவோம் என்று முடிவு பண்ணினேன். போனில் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். அதனால் வீடியோவை நான் பார்த்துச் சொல்வதாக உட்கார்ந்தேன்.

"செவப்பா மண்ணு தெரியுதுங்க. நெறையக் கல்லு. அந்தக் கல்லுக்குப் பொறத்தால ஒரு எருமை நிக்குது."

"செவ்வாயில ஏது எருமை?"

"எனக்கு அப்படித்தானுங்க தெரியுது. வேணும்னா நீங்களே பாத்துக்குங்க."

வாங்கி மூக்கருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. அடுத்த நாள் அங்கே கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அதற்கு அடுத்த நாள் ஒரு பொம்பளை கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளுகிறாள் என்றேன். பேத்தி சமையல்கட்டுக்குள் ஓடிப் போய் வாயில் துண்டை வைத்துக்கொண்டாள்.

"அம்மிச்சி சொல்றது நெஜமா சாமி?" என்று அவளிடம் கேட்டார்.

"எனக்குப் பரீட்சை இருக்குதுங்க அப்பிச்சி, நான் பாக்கலைங்க" என்றாள். கெட்டிக்காரி.

செவ்வாயில் பஸ் ஸ்டாண்டு கட்டிவிட்டார்கள் என்று நான் சொன்ன அன்றைக்கு அவர் போனைக் கட்டிலில் வைத்தார். "ஏம்புள்ள, காலையில மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றார்.

பேத்தியும் சேர்ந்து மூன்று பேரும் கோயமுத்தூர் போனோம். முன் சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எலுமிச்சையை மோந்தபடி வந்தார். "எங்க வந்திருக்கறோம்?" என்று கேட்பார். "இப்பத்தானுங்க நெலாவைத் தாண்டினோம்" என்பேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பர்லியாரில் பஸ் நின்றபோது இறங்கி, வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்து, "இன்னும் ஏழு மாசம் இருக்குதா?" என்றார். அன்றைக்கு அவரும் கேலி பேசிவிட்டார் என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடுகிற நாளெல்லாம் கழிந்த பிறகு, ஒரு சாயங்காலம் பேத்தி போனை வானத்துக்கு நேரே பிடித்து நிஜச் செவ்வாய் எது என்று தேடிக் கண்டுபிடித்துக் காட்டினாள். கடுகளவு, லேசாகச் சிவந்து இருந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்திருப்பார். பிறகு அதை விட்டுவிட்டார். கழுத்தை வளைத்து அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"ஏம்புள்ள, இத்தனையா இருந்துச்சு?" என்றார்.

எனக்கு நாக்கு நுனியில் "உங்க கண்ணுக்குத்தான் தெரியலீங்க" என்று வந்தது. அதை விட்டுவிட்டு மப்ளரை அவர் காது வரைக்கும் இழுத்துவிட்டேன்.

இப்போது கண் நன்றாகத் தெரிகிறது அல்லவா, எதையும் விடுவதில்லை. மாத்திரை அட்டை, பொட்டணம் கட்டி வந்த பேப்பர் எல்லாம் வாசிக்கிறார். நான் எழுதுகிற இதுவும் எப்படியும் அவர் கையில் சிக்கும். பாய் கடைக்குத்தான் போயிருக்கிறார், பேச்சு சுவாரசியத்தில் கொஞ்ச நேரம் ஆகும். பேத்திக் கண்ணு, நீ இங்கே வா, அவர் வருவதற்குள் ஒருக்கா எனக்கு வாசித்துக் காட்டு. தப்பு இருந்தால் நீ திருத்தாதே. எங்கே என்று சொல், நானே திருத்திக்கொள்கிறேன்.