மோட்டார் சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்ட்

என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட என் கணவர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். மோட்டார் சைக்கிளை வீட்டுப் பின்முற்றத்தில் தூக்கி நிறுத்திப் பழுது பார்க்க ஒரு ஸ்டாண்ட் வேண்டும், அவ்வளவுதான். அதைத் தேர்ந்தெடுக்க அந்த மனிதருக்கு ஒரு மழைக்காலம் முழுதும் போதவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ரயில்வேயில் கிளார்க்காக இருந்த அவர், அவருடைய அம்மாவான என் மாமி, கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நான். நாலாவது ஆளாக அந்த மோட்டார் சைக்கிள். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழையதாக வாங்கியது.

வீட்டில் மாமி இருக்கும்போது அவர் என்னோடு பேசுவதெல்லாம் வெந்நீர் ஆயிற்றா, சட்டை காய்ந்ததா என்ற அளவில்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு கிள்ளான் ரோட்டில் திரும்பிவிட்டால் போதும், வாய் ஓயாது. ஆபீஸில் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், சின்ன வயதில் எந்த மரத்திலிருந்து விழுந்தார், எல்லாம் வரும். காற்றில் பாதி கேட்காது. கேட்ட பாதியிலேயே நான் அவர்மேல் ஆசை வைத்தேன். கல்யாணம் அதற்கு முன்பே முடிந்திருந்தது, அது வேறு கதை.

செம்மண் புழுதியில் ஒருமுறை போய்வந்தால் சங்கிலியைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போட வேண்டும். வண்டியோடு வந்த ஸ்டாண்ட் உடைந்துபோயிருந்தது. சுவரில் சாய்த்துவைத்து வேலை பார்ப்பார். அப்படி ஒரு சனிக்கிழமை அது சரிந்து, அவருடைய முழங்காலைச் சிராய்த்துவிட்டு, மாமி காயப்போட்டிருந்த மோர்மிளகாய்மேல் விழுந்தது. மாமிக்கு மிளகாய் போனதில் கவலையில்லை. கணவரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு ஒரே மகனை வளர்த்தவர். மகனின் காலில் ரத்தத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னொருக்கா இது விழுந்தா வித்துப்போட வேணும், தம்பி. சொல்லிப்போட்டன்," என்றார்.

அவரும், "ஓமம்மா," என்றுவிட்டார். அம்மா சொல்லுக்கு மறுசொல் பேசி அவருக்குப் பழக்கமில்லை. வண்டி போனால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. ஞாயிற்றுக்கிழமை போனால் எனக்குப் புருஷன் ஏது? வெந்நீர் கேட்கிற ஒருவர்தான் மிஞ்சுவார்.

அன்று தொடங்கியது ஸ்டாண்ட் வேட்டை. முதலில் செங்கல் அடுக்கினார். என்னைக் கூப்பிட்டு, "இஞ்சேரும், இதிலை ஒருக்கா ஏறி நில்லும் பாப்பம்," என்றார்.

"என்ர பாரமும் உந்த இரும்பின்ர பாரமும் ஒண்டோ?" என்று கேட்டேன்.

என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக ஒருநாள் முழுக்க நான் பேசவில்லை.

செங்கல் அடுக்கு விலகிக்கொடுத்தது. அடுத்து மண்ணெண்ணெய் டின் வரும் மரப்பெட்டி. வண்டியை ஏற்றுமுன் கையால் அழுத்தியதிலேயே முறிந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு ரப்பர் மரக்கட்டை வந்தது. உயரம் சரி, ஆனால் உருண்டது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு யோசனை வேறு. கூரையில் கயிறு கட்டித் தொங்கவிடச் சொன்னவரும் உண்டு, விற்றுவிட்டு ரிக்‌ஷாவில் போகச் சொன்னவரும் உண்டு. பின்னவரின் வீட்டுக்கு நான் அதன்பிறகு கறி கொடுத்தனுப்பவில்லை.

கடைசியில் அவர் பாசார் சந்தைப் பக்கம் இருந்த ஒரு சீனப் பட்டறைக்குப் போனார். பட்டறை முதலாளி தவுக்கேயோடு கைச்சாடையிலும் அரைகுறை மலாயிலும் பேசி ஓர் இரும்பு ஸ்டாண்ட் அடிக்கச் சொன்னார். கால் இரண்டும் போதிய அளவு அகலவில்லை என்று ஒருமுறை திருப்பிக் கொடுத்தார், அடித்தட்டு சிறிதென்று இன்னொருமுறை. தன்னைத் தூரத்தில் கண்டாலே தவுக்கேயின் முகம் கோணும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒருவழியாக வந்து சேர்ந்ததைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. நல்ல கனம், நாலு மூலையும் தரையில் படிந்து நின்றது. பின்சக்கரச் சில்லின் அச்சுக்குக் கீழே கொடுத்து, ஸ்டாண்டின் நெம்புகோலை மிதித்தால் வண்டி எழும்பி நிற்கும்.

"நாள் பாக்காமல் தொடக்கூடாது," என்றார் மாமி.

பஞ்சாங்கத்தைப் பார்த்து நேரம் குறித்தவர் அவர்தான். ஆனால் கணவரை இழந்தவர் நல்ல காரியத்துக்கு முன்னால் வந்து நிற்கக்கூடாதென்று குசினிக்குள், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சொன்னால் கேட்பவரா? உள்ளே நின்றபடியே ஒவ்வொன்றாகக் கட்டளை போட்டார். சிமெந்துத் தரையை மஞ்சள் தண்ணீரால் கழுவினேன். ஸ்டாண்டின் நாலு மூலைக்கும் சந்தனம் அப்பினேன். வண்டி நிற்க வேண்டுமே என்ற பயத்தில் கொஞ்சம் தாராளமாகவே அப்பினேன். என் கணவர் தேங்காய் உடைத்தார்.

"தேசிக்காய் எங்கை? சில்லுக்குக் கீழை வையுங்கோ," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"சில்லு அந்தரத்திலையெல்லோ நிக்கப்போகுது, அம்மா?"

"அப்ப முதல்லை நசுக்கிப்போட்டுப் பிறகு தூக்கு."

அவர் எலுமிச்சம்பழங்கள்மேல் வண்டியை உருட்டி நசுக்கினார். ஸ்டாண்டைக் கொடுத்து மிதித்தார். வண்டி அழகாக எழுந்தது. நான் கைகூப்பினேன். மறுகணம் சந்தனம், தேங்காய்த் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எல்லாம் கலந்த அந்தத் தரையில் ஸ்டாண்ட் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. இத்தனை பக்தியைத் தாங்க எந்தப் பட்டறை இரும்பாலும் முடியாது.

வண்டி என் பக்கம் சாய்ந்தது. சீட்டைப் பிடித்தேன், பாரம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. மறுபக்கத்தில் ஹாண்டிலைப் பற்றியிருந்த அவருக்கும் காலூன்ற முடியவில்லை. அவ்வளவுதான், விற்றாயிற்று என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்குக் கிள்ளான் ரோடுதான் கண்ணில் நின்றது.

கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது. மாமி வெறுங்காலோடு ஓடி வந்து, என்னை ஒட்டி, பெட்ரோல் டாங்கிக்குத் தோளைக் கொடுத்து நின்றார். ஒல்லியான மனுஷி. எங்கிருந்து அந்த வலு வந்ததோ, வண்டி அப்படியே நின்றது. வெள்ளைச் சேலையெல்லாம் எண்ணெயும் சந்தனமும். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. ஒருவருக்கும் கையை எடுக்கத் துணிவில்லை.

என் கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கொடுத்த வாக்கை மறக்கிற ஆளில்லை.

"வித்துவிடுறன், அம்மா," என்றார்.

மாமி மகனைப் பார்த்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"ஏன் விக்கிறாய்?" என்றார், தோளை எடுக்காமலே. "எங்கை விழுந்தது? நான் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன்."