இரும்புக் கரண்டியால் தேய்த்த கட்டம்

பூச்சு வேலைக்காரனுக்கு முக்கியமான சாமான்கள் இரண்டு. ஒன்று, மணியாசுக் கட்டை என்று நாங்கள் சொல்லும், பிடி வைத்த மரப்பலகை. இன்னொன்று இரும்புக் கரண்டி. எதை எப்போது கையில் எடுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அடிப்பூச்சை மரக்கட்டையால்தான் தேய்க்க வேண்டும். அப்போதுதான் சுண்ணாம்புச் சாந்து சொரசொரப்பாக நிற்கும். அதை ஆணியால் கீறிவிட்டால் மேல்பூச்சு பிடித்துக்கொள்ளும். இரும்புக் கரண்டி மேல்பூச்சுக்கு மட்டும். அடிப்பூச்சையே இரும்பால் இழைத்தால் சாப்பாட்டுத் தட்டு போல வழுவழுத்துவிடும். அதன் மேல் போடுவது ஒட்டாது. இதெல்லாம் தெரியாமல் நான் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

இப்போது சிவாஜிநகர் என்கிறார்கள், அப்போது எங்களுக்கு அது பிளாக்பள்ளி. அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் சீமைக் கரண்டி ஒன்று வாங்கியிருந்தேன். மெல்லிய தகடு, முகம் தெரிகிற பளபளப்பு. அதை வாங்கிய நாளிலிருந்து மரக்கட்டையைக் கண்டாலே எனக்கு எரிச்சல். "கிழவனுங்க கட்டை" என்று மற்ற கொத்தனார்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். இருபத்தாறு வயதுக் கொழுப்பு, வேறென்ன.

எங்கள் மேஸ்திரி என் மனைவியின் அண்ணன். தண்டு என்று நாங்கள் சொல்லும் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டின் கூரைக்கு உள்பக்கம் பூசும் வேலையை அவர் எடுத்திருந்தார். உத்தரங்களுக்கு நடுவே ஒவ்வொரு கட்டமாகப் பூச வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டம், எனக்கு மூன்றாவது. மேஸ்திரி சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மற்றவர்களுக்கு முன்னால் முடித்துக் காட்ட வேண்டும் என்று அடிப்பூச்சைச் சீமைக் கரண்டியால் இழுத்துவிட்டேன். கீறவும் இல்லை. மறுநாள் அதன் மேலேயே மேல்பூச்சைப் போட்டு மூடினேன். மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார்.

"கை நல்லா வந்துடுச்சி மாப்ளே," என்றார்.

அந்த ஒரு பேச்சு என் வாயை அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

மழைக்காலம் போய் மறு வருஷம் வெயில் வந்தபோது என் மனைவிக்கு நிறைமாதம். கால் இரண்டும் வீங்கிப்போய், அதே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஆண்கள் யாரும் வார்டுக்குள் போகக்கூடாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசல்படியில் நின்று பேசலாம், அவ்வளவுதான். முதல் நாள் எங்கள் வீடு இருந்த நீலசந்திராவிலிருந்து நடந்து போய் வாசலில் நின்றேன். மூன்றாவது கட்டிலில் படுத்திருந்தாள். நேர் மேலே மூன்றாவது கட்டம்.

"ராவெல்லாம் மேலேர்ந்து மாவாட்டம் கொட்டுதுங்க," என்று போர்வையைத் தட்டினாள். "பல்லி ஓடுது போல."

பல்லி இல்லை. வெள்ளைப் பூச்சில் தலைமயிர் போல ஒரு கோடு, உத்தரத்தை ஒட்டி ஓரத்தில் தொடங்கி நடுக்கட்டம் வரை வந்திருந்தது. பதினைந்து அடி உயரம். அங்கிருந்து ஒரு முறம் அளவு காறை விழுந்தாலே போதும்.

அப்போதே நர்ஸிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மேஸ்திரியின் பெயர் போகும், எங்கள் ஆட்கள் பத்துப் பேருக்கும் தண்டுப் பக்கம் வேலை கிடைக்காது என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். அதெல்லாம் சாக்கு. "கிழவனுங்க கட்டை" என்று நான் சிரித்த அதே ஆட்களின் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற பயம்தான். அன்று வீட்டில் படுத்தால் கண் மூடவில்லை. மூடினால் அந்தக் கோடு நீண்டது.

இரண்டாம் நாள் நர்ஸம்மாவைப் பிடித்தேன். கடைசியில், ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில் காலியாக இருந்தது.

"அவள அந்த ஜன்னல்கிட்ட மாத்துங்கம்மா. வேலைக்குப் போறப்போ வர்றப்போ வெளியே நின்னு ஒரு தரம் பாத்துட்டுப் போவேன்."

"இன்னாப்பா, பெரிய கலாட்டாவா இருக்கு உன்னோட," என்றார் அந்த அம்மாள். ஆனால் சிரித்துவிட்டார். மாற்றியும் விட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தபோது என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு வெட்கம். கல்யாணத்தன்றுகூட அதைப் பார்த்ததில்லை. "என்னைப் பாத்துக்கினே இருக்கணுமாமே, நர்ஸு சொல்லி சிரிக்கறாங்க," என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

விடிகாலையில் பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். ஓடினேன். ஜன்னல் வழியாகத் துணி மூட்டையைத் தூக்கிக் காட்டினாள். மூக்கு மட்டும் தெரிந்தது. குழந்தையைப் பார்த்துவிட்டு, பழக்கம் போல மூன்றாவது கட்டிலைப் பார்த்தேன். அதில் வேறொரு பெண். பக்கத்தில் அவளுடைய குழந்தை.

"நேத்து ராத்திரி வந்துச்சி அந்தப் பொண்ணு," என்றாள் என் மனைவி. "நம்ம நீலசந்திராதான், ரெண்டு சந்து தள்ளி. தலைச்சன் பிள்ளை. பாவம், கத்தவே கத்தல."

அந்தப் பெண் குழந்தையின் பக்கம் திரும்பிப் படுத்து, போர்வை மேல் விழுந்திருந்த வெள்ளைத் தூளை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளை அங்கே படுக்க வைத்தது நான்தான். யார் வந்து படுப்பார்கள் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மேஸ்திரி அன்று ஆஸ்டின் டவுனில் ஒரு வீட்டு வேலையில் இருந்தார். ஓடிப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. குழந்தைச் செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தபடி சாரத்திலிருந்து இறங்கினார்.

"மச்சான், வார்டுல மூணாவது கட்டம். அடிப்பூச்ச கரண்டியால இழைச்சிட்டேன்."

சிரிப்பு நின்றது. "கீறினியா?"

"இல்ல."

திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் ஒரு நீள மூங்கிலை எடுத்துக்கொண்டு தெருவில் போன ஜட்கா வண்டியைக் கைதட்டி நிறுத்தினார். வழி நெடுக என் பக்கம் திரும்பவே இல்லை. ரெண்டு அடி அடிச்சிடுங்க மச்சான் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஜட்கா ஒவ்வொரு முறை குலுங்கியபோதும் அங்கே காறை விழுந்துவிட்டது என்றே தோன்றியது.

விழுந்திருக்கவில்லை. மேஸ்திரி நர்ஸம்மாவிடம் இரண்டே வார்த்தை சொன்னார். அந்த அம்மாள் முகம் வெளுத்து, ஆயாக்களைக் கூப்பிட்டு, கட்டில்களை ஒவ்வொன்றாக வராந்தாவுக்கு நகர்த்தச் சொன்னார். மூன்றாவது கட்டில்தான் முதலில் வந்தது. வார்டு காலியானதும் மேஸ்திரி உள்ளே போய் மூங்கிலால் மேலே தட்டினார். முதல் தட்டுக்கு, உள்ளே ஒட்டாமல் நிற்கிற பூச்சின் பொள்ளல் சத்தம். இரண்டாவது தட்டுக்கு, ஒரு பாய் அகலத்துக்கு, மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. கல்தரை அதிர்ந்தது. குழந்தைகள் எல்லாம் ஒன்றாக அழுதன. தூசி அடங்கியபின் அண்ணாந்து பார்த்தேன். காறை போன இடத்தில் அடிப்பூச்சு பளபளவென்று இருந்தது. என் கரண்டி போன வளைவுகள்கூட அப்படியே தெரிந்தன.

மேஸ்திரி வெளியே வந்து நர்ஸம்மாவிடம், "என் வேலைதாம்மா. நானே சரி பண்ணித் தரேன்," என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

வராந்தாவில் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. முதல் தடவையாக என் மனைவியின் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. வார்டுக்குள் மூன்றாவது கட்டில் கிடந்த இடத்தையும், அங்கே குவிந்திருந்த காறையையும் பார்த்தாள். அப்புறம் பக்கத்துக் கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டம் நீங்க பூசினதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தலையாட்டினேன்.

"அப்போ, என்னைப் பாத்துக்கினே இருக்கணும்னு சொன்னது?"

அதுவும் நிஜம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவ வூட்டுக்காரரு கேட்டாண்ட நிக்கறாரு. கஞ்சி கொண்டாந்திருக்காரு," என்றாள். குரல் உயரவில்லை. "அவருகிட்ட போயி, நீங்க இன்னா பண்ணீங்கன்னு முழுசா சொல்லிட்டு வாங்க. அப்புறம் பிள்ளையத் தூக்கலாம்."

கேட்டுக்கு முப்பது அடிதான் இருக்கும். தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைவிடச் சின்னவன் ஒருவன் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும், உள்ளேயிருந்து வருகிறவன் என்று, "அண்ணா, உள்ள ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சே, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான்.