பிசுன் தத் லாரிக்கு வெட்டிய காற்றுவழி

பிசுன் தத்தைப் போல ஒரு பிடிவாதக்காரரை லம்பாசா பக்கம் நான் பார்த்ததில்லை. எல்லாரும் முகம் தட்டையான லாரிக்கு மாறிய பிறகும் அவர் மட்டும் மூக்கு நீண்ட பழைய லாரியைக் கட்டிக்கொண்டு அழுதார். இருபத்திரண்டு வருடமாக எங்கள் கேங்கின் கரும்பு அதில்தான் ஆலைக்குப் போனது. கேங்கில் நாங்கள் பதினான்கு விவசாயிகள். முறை வைத்து ஒருவர் வயலை எல்லாருமாக வெட்டுவோம். பிசுன் அண்ணனுக்கும் மூன்று ஏக்கர் உண்டு. அந்தக் கரும்பு உப்புக்கும் மாவுக்குமே காணாது. வீட்டில் அடுப்பு எரிந்தது லாரியால்தான்.

அந்த லாரி மேடு ஏறினால் கொதிக்கும். போன மாதம் சேயாங்காங்கா ஏற்றத்தில் நின்றது, இரண்டு நாள் நகரவில்லை. தீ வைத்து வெட்டிய கரும்பு யாருக்காகவும் காத்திருக்காது. சாறு சுண்டி எடை போய்விடும். லாரி திரும்பி வந்த அன்று சாயங்காலம், யங்கோனா வேரை இடித்துக் கரைத்த பானச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது கேங் தலைவரான எங்கள் சர்தார் அப்பண்ணா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"பிசுன், இன்னொரு தடவ மேட்டுல நின்னுச்சுன்னா டவுன்லேர்ந்து வேற லாரி பேசிருவோம். கோவிச்சுக்காதப்பா."

"நிக்காது சர்தார்," என்று அவர் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்தார்.

அந்த மாடலுக்குப் புது ரேடியேட்டர் இந்தத் தீவிலேயே இல்லை. அதனால் காற்றையாவது கூடுதலாக உள்ளே விடுவோம் என்று முடிவு செய்தார். என்னிடம் இரும்பு அறுக்கும் கிரைண்டர் ஒன்று இருந்தது. வாய் அதைவிட நீளமாக இருந்தது.

"அண்ணே, முன்னாடி கிரில்லு கம்பிய ஒண்ணு விட்டு ஒண்ணு அறுத்துருவோம். பானெட்டுல ரெண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி கீறி விடுவோம். சூடு வெளிய போயிரும்."

"பானெட்டோட பின்பக்கம் நட்டு வச்சு ரெண்டு விரல் தூக்கிரலாம்டா," என்றார் அவர்.

சனிக்கிழமை முழுக்க அறுத்தோம். அவர் மனைவி ராஜ்மதி அண்ணி வாசலில் நின்று பார்த்தார்.

"கூரையில இருக்கற ஓட்டைய அடைக்க நேரமில்ல, லாரிக்கு மட்டும் ஓட்டை போட ரெண்டு ஆம்பளைங்களா?"

கிரில்லுக்குப் பின்னால் பொடிக் கம்பி வலை ஒன்று இருந்தது. அண்ணன் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இது எதுக்குடா?"

"தூசிக்கா இருக்கும். இதுவும் காத்தத்தான் மறிக்குது. தூக்கி எறிங்க."

சொன்னது நான்தான். வேறு யார் மீதும் இதைப் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மணல் மூட்டை ஏற்றி மேட்டை மூன்று தடவை ஏறி இறங்கினோம். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. மூன்றாவது தடவை உச்சியில் நிறுத்தி, பானெட்டைத் தடவிக் கொடுத்தார். "மூச்சு விடுறா பாருடா! இனி எவன் வேற லாரி பேசுவான்?" அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

ஞாயிறன்று எங்கள் பக்கம் யாரும் கரும்பு ஏற்றுவதில்லை. சாலை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கரும்புக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு மண்டைக்கும் அது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வயலின் முறை. அவருடைய கரும்பையே ஏற்றிக்கொண்டு கிளம்பினார், பக்கத்தில் நான். முன்னால் பதினோரு லாரி. ஒவ்வொன்றிலிருந்தும் கருகிய கரும்பு இலைச் சோகை பறந்து வந்தது. நாங்கள் அகலமாக வாயைத் திறந்து வைத்திருந்தோம், எல்லாம் உள்ளே போனது. பாதி மேட்டில் முள் எகிறியது.

"நிறுத்துங்கண்ணே!"

"நிறுத்தினா போச்சுடா. இன்னும் ரெண்டே வளைவு."

ஒரு வளைவுகூடத் தாங்கவில்லை. என்ஜின் ஒரு தடவை அலறி, இறுகி நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கினால் ரேடியேட்டரே தெரியவில்லை; முகம் முழுக்கச் சோகை மெத்தையாக அப்பியிருந்தது. கொதிக்கிற ஆவியில் அண்ணன் வெறும் விரலால் அதைப் பிய்த்தார். அவரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன், வரவில்லை. கடந்துபோன லாரியிலிருந்து ஒருவன் கத்தினான்: "என்னண்ணே, லாரியும் கரும்பு தின்ன ஆரம்பிச்சிருச்சா?"

வலையைக் கழற்றச் சொன்னது யார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவர் வயல் வரப்பில் கேங் கூடியது. வெட்டிப் போட்ட மீதிக் கரும்பு வெயிலில் கிடந்தது. அப்பண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டவுன் லாரி வேணும்ங்கறவங்க கை தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தோம். இருபத்திரண்டு வருடம் எங்கள் கரும்பைச் சுமந்தவர் எதிரே நிற்கும்போது எவன் கை எழும்?

முதலில் எழுந்த கை பிசுன் அண்ணனுடையது. ஐந்து விரலிலும் துணிக்கட்டு.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? என் கரும்பும்தான் காயுது," என்றார். "சீக்கிரம் தூக்குங்கப்பா."

நானும் தூக்கினேன்.