மணலில் விட்டுவந்த விரல் நீளத் துண்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உவரிக் கடற்கரையில் நடந்தது இது. நான் திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியர். இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. அந்த வயதில் பட்டம் விடக் கிளம்பியதைப் பற்றி என் மனைவி சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அது நம்மூர்க் காகிதப் பட்டம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வந்தது. மொத்தம் நான்கு நூல்கள். ஒரு கைப்பிடிக்கு இரண்டு. பழகியவர்கள் அதை வானத்தில் அப்படியே நிறுத்துவார்கள், தலைகீழாகத் திருப்புவார்கள், பின்னோக்கிக் கூட ஓட்டுவார்கள். துணியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ள, உள்ளே துளையுள்ள மெல்லிய கறுப்புக் கார்பன் குச்சிகள் இருக்கும். மாற்றுக் குச்சிகள் இரண்டு தங்கை சேர்த்தே கொடுத்திருந்தாள்.

காற்று எப்படித் தூக்கும், எப்படித் தள்ளும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவன் நான். இதெல்லாம் ஒரு விஷயமா என்றுதான் நினைத்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. சிறு வயதில் ஒற்றை நூல் பட்டம் விட்ட கை என்னுடையது. பட்டம் சரிந்தால் இழு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இந்தப் பட்டமோ தரையைப் பார்த்துத் திரும்பிவிட்டால், இழுக்க இழுக்க இன்னும் வேகமாக வந்து தரையில் குத்தும். அந்த நேரத்தில் நூலைத் தளர்த்திக்கொண்டு பட்டத்தை நோக்கி நாலடி முன்னால் ஓட வேண்டும். புத்திக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. மணிமுத்தாறு அணைப் பக்கம் போய்ப் பார்த்தேன். மலையிலிருந்து இறங்கும் காற்று ஒரு நிலையாக இல்லை. சீரான காற்றைத் தேடித்தான் உவரிக்குப் போக ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடக்கும், மணல் காலியாக இருக்கும். அதனால் அந்த நாளையே தேர்ந்தெடுத்தேன்.

அன்று மதியத்துக்கு மேல், பட்டம் வழக்கம்போல மூக்கால் மணலில் குத்தியது. ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு குச்சி முறிந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. இரண்டு துண்டுகள் கையில் கிடைத்தன. முறிந்த நுனிகள் தூரிகை மயிர் மாதிரி பிரிந்து நின்றன. வெறும் கையால் தொடாதே என்று தங்கை சொல்லியிருந்ததால் கைக்குட்டையில் சுற்றி எடுத்தேன். மாற்றுக் குச்சியின் பக்கத்தில் இரண்டையும் வைத்து நீளம் பார்த்தேன். ஒரு விரல் நீளம் குறைந்தது.

இந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். குறைவதைப் பார்த்தேன். ஒரு துண்டு மணலில் கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. செருப்புக் காலால் மணலை இரண்டு தடவை கிளறிவிட்டு, போதும் என்று விட்டுவிட்டேன். காற்று அவ்வளவு நன்றாக இருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை.

மாற்றுக் குச்சியைப் போட்டு மறுபடி ஏற்றினேன். அன்றுதான் முதல் முறையாகப் பட்டம் நான் சொன்னதைக் கேட்டது. கடலுக்கு மேலே, ஆளுயரத்தில், அசையாமல் நின்றது. மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை.

எண்ணி முடித்த நேரம் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மறுநாள் தொழிலுக்காக வள்ளத்தைப் பார்க்க வந்த ஒரு மீனவர், வலையைத் தோளிலிருந்து நழுவவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். வலது உள்ளங்காலில் அந்தக் கறுப்புத் துண்டு பாதி இறங்கியிருந்தது. நான் பிடிகளைப் போட்டுவிட்டு ஓடினேன். பட்டம் எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

நான் போவதற்குள் அவரே அதைப் பிடுங்கிவிட்டார். கூட வந்த இன்னொருவர் என் பக்கம் திரும்பி, "என்னவே இது, சனம் நடக்க எடத்துல?" என்று சத்தம் போட்டார். அதற்குள் சத்தம் கேட்டு, காலில் குத்துப்பட்டவரின் மனைவி வந்துவிட்டார். அந்த அம்மா சத்தம் போடவில்லை. பிடுங்கிய துண்டை வாங்கி, "ஆஸ்பத்திரில கேப்பாவ" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"சார், இது இங்கன கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

ஆட்டோவில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஓர் இளம்பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே எதுவும் இல்லை, ஊசி போட்டுக் கட்டிவிடலாம் என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மீனவர் கட்டிலிலிருந்து இறங்கி, காலைப் பைய ஊன்றினார். முகம் சுருங்கியது. "உள்ள என்னமோ குத்துதும்மா" என்றார். வலி இரண்டு நாள் இருக்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். துண்டைக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை; ஏதோ மரக்குச்சி குத்தியதாகத்தான் அவர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் திருத்தவில்லை.

கார்பன் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அது எனக்குத் தெரியும். ஆடும் வள்ளத்தில், அலைக்கு நடுவே, அந்தக் காலை ஊன்றித்தான் அவர் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். வாயைத் திறந்தால், மற்றதையும் சொல்ல வேண்டி வரும். சில வினாடிகள்தான் பேசாமல் நின்றிருப்பேன். ஆனால் நின்றேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கடைசியில் சொன்னேன். இது மரமில்லை, கார்பன், நார் நாராகப் பிரிந்து உள்ளே தங்கும், படத்தில் தெரியாது. கைக்குட்டையைப் பிரித்து மற்ற இரண்டு துண்டுகளையும் காட்டினேன். டாக்டரின் முகம் மாறியது. மரத்துப்போக ஊசி போட்டு, காலைக் கீறிப் பார்த்தார். தலைமுடி கனத்தில் கறுப்புச் சிலாம்புகள் மூன்று வந்தன.

"இன்னும் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?" என்று டாக்டர் கேட்டார். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, முந்தானையில் முடிந்திருந்த துண்டையும் வாங்கி, முறிந்த பக்கங்களைப் பொருத்தி வைத்தேன். எடுத்த சிலாம்புகளையும் அதனதன் இடத்தில் வைத்தோம். ஓரிடத்தில் அரிசி அளவுக்கு இடைவெளி இருந்தது. டாக்டர் மறுபடி தேடினார். நாலாவதும் வந்தது.

"ஒரு துண்டு கொறையுதுன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கடற்கரையிலேயே" என்றேன். "அளந்து பார்த்தேன். தேடாம விட்டுட்டேன்."

அந்த அம்மா வாசலருகே நின்றுகொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பேசியது மீனவர்தான். கட்டுப்போட்ட காலை நீட்டியபடி மெதுவாகச் சொன்னார். "நாங்க தூண்டில் தொழிலுக்குப் போய்ட்டு வந்தா முள்ள எண்ணுவோம் சார். ஒண்ணு கொறஞ்சாலும் கரைய விட்டு ஏற மாட்டோம். செருப்பு போடாத சனம்லா, பிள்ளைய ஓடி வெளையாடுத எடம்." அதில் கோபமே இல்லை. தன் தொழிலைப் பற்றி இன்னொரு தொழிலாளிக்குச் சொல்வது போலச் சொன்னார். படிக்காதவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது என்று நினைத்து வாழ்ந்தவன் நான்.

மூன்று வாரம் அவர் கடலுக்குப் போகவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பட்டம் இல்லாமல் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை வாசலில் நடந்து காட்டிவிட்டு, "பட்டத்த ஏன் கொண்டாரல?" என்று சிரித்தார். உள்ளிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தார்: "கொண்டாரட்டும். எண்ணிட்டுப் போவச் சொல்லுங்க."

இப்போதும் உவரியில்தான் பட்டம் விடுகிறேன். கை ஓரளவு பழகிவிட்டது. பட்டம் சரிந்தால் இழுக்காமல் முன்னால் ஓடுகிறேன். அதன்பிறகும் நாலைந்து குச்சிகள் முறிந்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் பட்டத்தைச் சுற்றிவைத்துவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, எல்லாம் ஒன்றோடொன்று சேரும்வரை முட்டிபோட்டு மணலைச் சலிக்கிறேன். ஒருமுறை பொழுது சாயும்வரை தேடினேன்.

அவர் கால் ஆறிவிட்டது, தழும்புகூடத் தெரியவில்லை. ஆனால், முறிந்த துண்டுகளைச் சேர்க்கும்போதெல்லாம், ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன "தெரியாதும்மா" மட்டும் எதோடும் சேராமல் தனியாகக் கிடக்கிறது.