பாட்டுக்கு அடியில் ஒரு முனகல்

தொண்ணூற்றிரண்டில், சண்டைக் காலத்தில், எங்கள் அரியாலை வீட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் கிடையாது. கசற் ரெக்கோடர் ஓட வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, செயின் இரைச்சல் பதியாத தூரத்துக்கு டைனமோவிலிருந்து நீள வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். அந்த வேலையில் நான்தான் வீட்டு எஞ்சினியர். பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்குப் பாரிசில் கலியாணம். அம்மா போக வழியில்லை. தாலி கட்டி முடிந்ததும் அம்மாவின் வாழ்த்துப் பாட்டைக் கசற்றில் போட வேண்டுமென்று அக்கா எழுதியிருந்தாள். மறுநாள் காலையில் கொழும்புக்குப் புறப்படும் மாமி ஒருவர் கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பதாகச் சொன்னார். எங்களிடம் இருந்தது ஒரு பின்னேரமும் ஒரே ஒரு கசற்றும்.

கசற் அண்ணையுடையது. ரேடியோவில் போகும் பாட்டுகளைப் பிடித்து வைப்பது அவர் பழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் காலை வெளியே போனவர் திரும்பி வரவில்லை. இருக்கிறார் என்றோ இல்லை என்றோ ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டில் அவரைப் பற்றிக் கதைப்பதில்லை. கதைத்தால் அம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

"பாட்டுத்தானே கிடக்குது, மேலாலை பதிவம்" என்றேன். அம்மா தலையாட்டினார்.

முதல் பதிவைப் போட்டுப் பார்த்தால் அம்மாவின் குரல் சின்னப்பிள்ளையின் குரலாகக் கீச்சிட்டது. பதியும்போது கை சோர்ந்து மெதுவாகச் சுற்றியிருக்கிறேன், போடும்போது உசாராகச் சுற்றியிருக்கிறேன். பாரிசில் அது ஒழுங்கான வேகத்தில் அல்லவா ஓடும்? அம்மாவைத் தொடையில் தாளம் போடச் சொன்னேன். அந்தத் தாளம் பிசகாமல் பெடலைச் சுற்றினேன். இரண்டாம் பதிவில் அம்மாவின் குரல் அம்மாவின் குரலாகவே வந்தது.

ஆனால் பாட்டுக்கு அடியில் வேறு ஏதோ சத்தம் கிடந்தது. சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு அது வெறும் முனகலாகத்தான் கேட்டது. செயின் இரைச்சல் மீதியை விழுங்கிவிட்டது. அம்மாவோ ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு இருந்தார்.

"என்னம்மா அது?"

"உது கிடக்கட்டும் பிள்ளை. பாட்டு விளங்குதுதானே."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. "கலியாண வீட்டிலை ஆரோ முனகிற சத்தத்தோடை போடுறதே? சபை சிரிக்கும்."

அம்மா "இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாம் தரம் சுற்றி முடிக்க என் தோள் கழன்றுபோயிற்று.

காரணம் எனக்குத் தெரியும். பழைய பதிவை அழிக்கிற ஹெட்டில் அழுக்குப் பிடித்தால் பழையது முழுதாக அழியாமல் மிஞ்சி நிற்கும். பழையது என்றால் ஏதோ ரேடியோப் பாட்டு என்றுதான் நினைத்தேன். ஈர்க்கில் நுனியில் பஞ்சு சுற்றி, ஓடிக்கொலோன் வாசனைத் திரவம் தொட்டுத் துடைத்தேன். மண்ணிறத் தூள் வந்தது. பஞ்சு வெள்ளையாக வரும்வரை நான் விடவில்லை. அம்மா பக்கத்தில் வந்திருந்து ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி பாடினார்.

போட்டுப் பார்த்தோம். ஒரு இரைச்சலும் இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மா பாட்டு முடியும்வரை காதை எடுக்கவில்லை.

"அண்ணையின்ரை சத்தம் எங்கை?" என்று கேட்டார்.

என் கை நின்றது. "அண்ணையோ?"

"பாட்டுக்குக் கீழை அவனெல்லோ கதைச்சவன். ரெண்டாம் அடி முடிஞ்சு நான் மூச்சு எடுக்கேக்கை, ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணிப்போட்டு, அம்மா, கேக்குதோ எண்டவன். நீ துடைச்சால் அவன்ரை சத்தமும் வடிவாய் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"ஏனம்மா அப்பவே சொல்லேல்லை?"

"மங்கலக் காரியத்துக்கிடையிலை எப்பிடியடி சொல்லுறது? வாய் திறந்தால் அழுதிருப்பன். அழுத தொண்டையாலை வாழ்த்துப் பாட ஏலுமே?"

துடைத்த கையை வெட்டி எறியலாம் போலிருந்தது எனக்கு. அழிந்தது திரும்பி வராது என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டியதும் நான்தான். அம்மா ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

கசற் மறுநாள் போயிற்று. சபை முழுக்கத் தெளிவாகக் கேட்டது, ஒரு குறையும் இல்லை, நீ கெட்டிக்காரி என்று அக்கா எழுதியிருந்தாள். அம்மாவுக்குக் கடிதத்தை வாசித்தபோது அந்த வரியை விட்டுவிட்டேன்.

அக்கா அனுப்பிய பிரதி ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டாம் அடி முடியும் இடத்தில் சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்துக் கேட்பேன். இடையில் செயின் இரைச்சல் இல்லை. அம்மா மூச்சு எடுப்பது கேட்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நான் நன்றாகத்தான் துடைத்திருக்கிறேன்.