ஸெய்னெப்பின் பதினோரு நிமிடம்

வீடுகளுக்குக் குழாயில் வெந்நீர் அனுப்பிச் சூடேற்றும் சாரிஓசென் நகரத்து வெப்ப நிலையத்தில் ஸெய்னெப் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அங்குள்ள கணினிகளுக்கெல்லாம் அவள்தான் வைத்தியச்சி. பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பாதி வழியிலிருந்து திரும்பி வந்து நான்காம் தடவையும் பார்ப்பாள். கேலி செய்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "பயப்படுறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே."

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு இரண்டு பயங்கள். ஒன்று, மகள் அய்னாஷின் குழந்தை. பிறந்து ஒன்பது நாள்தான். நாற்பது நாள் ஆகாமல் பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுபோகிற வழக்கமில்லை. அய்னாஷ் குடியிருந்ததோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெந்நீர்க் குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் கட்டடத்தில்.

இன்னொன்று, நிலையத்துக் கணினிகளுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால். பார்த்தால் சாதாரணப் பெட்டி. ஆனால் ஆற்றுக்கு அப்பால் ஆளில்லாமல் ஓடும் மூன்றாம் பம்ப்பை இங்கிருந்து இயக்க வேண்டுமென்றால் முதலில் அது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அதைச் செய்த கம்பெனி அக்டோபரில் ஓர் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. பெயர்க் கட்டத்தில் யாராவது அளவுக்கு மீறி நீளமாக எதையாவது போட்டு அனுப்பினால் பெட்டி மயங்கிவிடும், அப்புறம் நல்லவன் கெட்டவன் யாருக்குமே கதவு திறக்காது, திருத்தத்தை உடனே ஏற்றுங்கள் என்று. ஏற்ற அரை மணி நேரம் பெட்டியை நிறுத்த வேண்டும்.

அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் தலைமை எஞ்சினியர் துர்சின்பெக் அவள் பக்கமே தள்ளினார்.

"சூடு விட ஆரம்பிச்சாச்சு. ஏப்ரல்ல பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள எவனாவது செஞ்சுட்டா, அகா?" அண்ணன் முறைக்கு அவரை அகா என்றுதான் கூப்பிடுவாள்.

"கெட்டத எழுதி வைக்காதம்மா. எழுதினா வழி தெரிஞ்சு வந்துரும். அதோட முகம் நம்மளப் பாக்காம அந்தப் பக்கமே இருக்கட்டும்."

ஸெய்னெப் தன்னால் ஆனதைச் செய்தாள். வெளியிலிருந்து யாரும் அந்தக் கட்டத்தைத் தொட முடியாதபடி அடைத்தாள். எதிரி வெளியிலிருந்துதான் வருவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. எட்டு மணி தாண்டியதும் ஷிப்ட் அறையிலிருந்து, பம்ப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கென்ஜேபாய் போன் செய்தான். அவளை அப்கே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

"அப்கே, கரண்ட் ஒரு துள்ளு துள்ளுச்சு, மூணாம் பம்ப் நின்னுருச்சு. திரும்பப் போடலாம்னு பேரு குடுத்தேன். சுத்திக்கிட்டே இருக்கு, உள்ள விட மாட்டேங்குது."

அவள் தன் கணினியில் முயன்றாள். அங்கேயும் சுற்றிக்கொண்டே இருந்தது. எது வருமென்று பயந்தாளோ அது வந்துவிட்டது.

ஆளை அனுப்பலாமென்றால் ராத்திரி அடித்த பனிப்புயலில் பாலத்துச் சாலை மூடிக் கிடந்தது. வழி எடுக்க இரண்டு மணி நேரமாகும். நாற்பது நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் உறையத் தொடங்கும். உறைந்தால் குழாய் வெடிக்கும்.

கைப்பேசி அடித்தது. அய்னாஷ்.

"அம்மா, ரேடியேட்டர் ஆறிக்கிட்டே வருது. பிள்ளையத் தூக்கிட்டுக் கீழ வரட்டா?"

"வராத. அடுப்புப் பக்கத்துல உக்காரு. மடியில போட்டு நல்லாப் போத்திக்க."

"அங்க என்ன ஆச்சும்மா?"

"ஒண்ணும் ஆகல," என்றாள். தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பொய்யை அவள் சொன்னதில்லை.

பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. ஆறு வருஷமாக அணைக்காத பெட்டி. எழவில்லையென்றால் மற்ற இரண்டு பம்ப்பும் கைவிட்டுப் போகும். பெட்டி இருந்த அறைக்கு ஓடினாள். பின்னாலேயே ஓடிவந்த துர்சின்பெக்கின் முகம் வெளுத்திருந்தது.

"எந்திரிக்கலன்னா?"

"அத மட்டும் கேக்காதீங்க, அகா."

ஒயரைப் பிடுங்கினாள். பத்து எண்ணிச் செருகினாள். விளக்கு ஒன்று எரிந்தது, அணைந்தது. பிறகு வெகுநேரம் எதுவுமில்லை. அய்னாஷின் மடியும் பிள்ளையைப் போர்த்திய போர்வையும் அவள் கண்ணை விட்டு அகலவில்லை. ஏழாம் நிமிடம் துர்சின்பெக் முணுமுணுவென்று துஆ ஓதத் தொடங்கினார். பதினோராம் நிமிடம் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. கென்ஜேபாய் உள்ளே போனான், பம்ப் ஓடியது. கால் மணி கழித்து அய்னாஷ் கூப்பிட்டாள்.

"குழாய் டக்குடக்குன்னு தட்டுதும்மா. சூடு வருது."

ஸெய்னெப் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்று துர்சின்பெக் குல்லாயைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "எந்த நாட்டுக்காரன் வேலைன்னு பாரு."

மயங்குமுன் பெட்டி கடைசியாகக் குறித்துவைத்ததைத் திறந்தாள். பெயர்க் கட்டத்தில் நாலாயிரத்துச் சொச்சம் வெற்றிடங்கள். கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள். அவற்றின் கடைசியில் ஒரு பெயர்: கென்ஜேபாய்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவன் வந்து புலம்பினான், கணினியில் பத்து நிமிஷம் கை வைக்காவிட்டால் பெட்டி வெளியே தள்ளிவிடுகிறது என்று. இவள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஸ்பேஸ் பொத்தான் மேல எதையாவது வெச்சுட்டுப் போ. ஆள் இருக்கான்னு நெனச்சுக்கும்." காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பெட்டி எல்லோரையும் ஒருமுறை வெளியே தள்ளி, புதிதாகப் பெயர் கேட்கும். ஸ்பேஸ் பொத்தான் அழுந்தியபடியே இருந்ததால் அந்தக் கட்டத்தில்தான் காலையில் வெற்றிடம் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பம்ப் நின்ற பதற்றத்தில் அவன் வழக்கம்போல் கட்டத்தைத் துடைக்காமல் அதன் பின்னாலேயே தன் பெயரை அடித்து அனுப்பியிருக்கிறான்.

மாடிப்படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள். ஷிப்ட் அறையில் கென்ஜேபாய் பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். விசைப்பலகையின் மேல் சர்க்கரை டப்பா உட்கார்ந்திருந்தது.

"உள்ள போனதும் மறக்காம வெச்சுட்டேன் அப்கே," என்றான் பெருமையாக.

அவள் இரண்டு கையாலும் டப்பாவைத் தூக்கினாள்.

"இத வேற யாருக்காவது சொல்லிக் குடுத்தியா?"

"எல்லா ஷிப்டுக்கும் சொன்னேன். பம்ப் ஆபீஸ், பில் போடுற பொண்ணுங்க, எல்லாரும் இப்ப இப்படித்தான். நல்ல விஷயத்த யாராவது மறைச்சு வெப்பாங்களா, அப்கே?"